வளராத தழும்பு

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவரை அந்த வட்டாரத்தில் எல்லாரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். கோபம் வந்தால் மனைவியும் அப்படியே கூப்பிடுவாள். அவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பவர் எந்த நிமிஷமும் தப்புச் செய்யலாம் என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பதுதான் அவர் வேலை. அந்தப் புத்தி வீட்டுக்கும் கூடவே வந்துவிட்டது. பால் பொங்கும் முன்பே அடுப்பை அணைத்துவிடுவார். ரயிலுக்கு ஒரு மணி நேரம் முன்னால் போய் நடைமேடையில் நிற்பார்.

"கவலைப்பட ஒண்ணும் இல்லைன்னா, ஏன் ஒண்ணும் இல்லைன்னு கவலைப்படுவீங்க" என்பாள் மனைவி. மருந்துக்கடையில் வேலை செய்கிறவள். நாள் முழுக்க மற்றவர்களுடைய நோய்களைக் கேட்டுக் கேட்டு அவளுக்கு ஒரு நிதானம் வந்திருந்தது.

மாஸ்டருடைய இடது கையில் நடுவிரலும் மோதிர விரலும் பிறக்கும்போதே ஒட்டியிருந்தன. நடை பழகும் வயதில் ஆபரேஷன் செய்து பிரித்தார்கள். விரல்கள் பிரிந்தன. ஆனால் அவர் வளர வளர, மோதிர விரல் உள்ளங்கைப் பக்கம் சாய்ந்து, கடைசியில் கொக்கி மாதிரி நின்றுவிட்டது. பள்ளிக்கூடத்தில் அந்தக் கை டவுசர் பையில் போனதுதான், பிறகு வெளியே வர மனமில்லை. கல்யாண போட்டோக்களிலும் அது மனைவியின் முதுகுக்குப் பின்னால்தான் இருக்கிறது. காரில் அவர் உட்காரும் இடத்தில் அந்தக் கை கதவுப் பக்கமாக மறைந்துவிடும். அந்த வேலை அவருக்குப் பிடித்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

மகள் பிறந்தபோது வந்தவர்கள் எல்லாரும் முகம் யார் ஜாடை என்று பார்த்தார்கள். அவர் துணியை விலக்கிக் கையைப் பார்த்தார். வலது கையில் அதே இரண்டு விரல்கள், ஒரே தோலுக்குள். துணியை மறுபடி இழுத்து மூடினார்.

ஒரு வயது முடிந்ததும் பிரித்துவிடலாம் என்றார்கள் ஆஸ்பத்திரியில். சளி என்று ஒருமுறை தள்ளிப்போட்டார். மழைக்காலம் என்று ஒருமுறை. பிள்ளை எடை கூடட்டும் என்று ஒருமுறை. வாண்டு என்று செல்லமாகக் கூப்பிட ஆரம்பித்த மகள் நாலு வயதாகி வீட்டுச் சுவரெல்லாம் கிறுக்கிக்கொண்டிருந்தாள். பென்சிலை இடது கைக்கு மாற்றிக்கொண்டிருந்தாள்.

"அடுத்த வருஷம் ஸ்கூல்" என்றாள் மனைவி. "நீங்க வந்தா வாங்க, இல்லாட்டி நான் கூட்டிட்டுப் போறேன்."

கை ஆபரேஷன் செய்கிற டாக்டர் நடுத்தர வயதுப் பெண். குள்ளம். மேஜையில் காகிதங்களைவிடப் பொம்மைகள் அதிகம். வாண்டுவின் விரல்களை அசைத்துப் பார்த்தார், எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார், எலும்பு தனித்தனியாக இருக்கிறது என்று தலையாட்டினார். பிறகு மாஸ்டர் பக்கம் திரும்பினார்.

"சார், அந்தக் கைய ஏன் பாக்கெட்லயே வச்சிருக்கீங்க? காட்டுங்க."

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் ஜன்னலைப் பார்த்தாள். வேறு வழியில்லாமல் கையை எடுத்து மேஜைமேல் வைத்தார். டாக்டர் அதைத் திருப்பி, விரலின் ஓரமாக ஓடிய தடித்த வெள்ளைக் கோட்டை விரல் நுனியால் தடவினார்.

"நேர்க்கோட்டுல வெட்டி, தோலை இழுத்துப் பிடிச்சுத் தைச்சிருக்காங்க. பிள்ளை வளரும், தழும்பு வளராது. நீங்க வளர்ந்தீங்க, இது அங்கேயே நின்னுடுச்சு. அதான் விரலைக் கீழ இழுத்துட்டுப் போயிருக்கு."

"இவளுக்கும் இப்படி..."

"நேரா வெட்ட மாட்டேன்." டாக்டர் ஊதாப் பேனாவை எடுத்து வாண்டுவின் விரல்மேல் மலை மலையாக வரைந்தார். வாண்டு கூச்சத்தில் நெளிந்தாள். "இப்படி வளைச்சு வளைச்சுப் போனா தழும்பு ஒரே கயிறா இழுக்காது. ஒட்டியிருக்கும்போது போதுமா இருக்கற தோல், பிரிச்சா பத்தாது. இடுப்புக்குக் கீழ மடிப்புல இருந்து கொஞ்சம் எடுத்து ஒட்டுப் போடணும்."

மாஸ்டர் பல நாளாக போனில் படித்துச் சேர்த்து வைத்திருந்ததைக் கேட்டார். "டாக்டர், இப்போ தையலே போடாம பசை வச்சு ஒட்டறாங்களாமே. தழும்பே தெரியாதாமே."

"நெத்தியில லேசா கிழிஞ்சா ஒட்டலாம் சார். இது நாள் பூரா மடங்கி நிமிர்ற இடம். இந்த வாலு சும்மா இருப்பாளா? தானா கரையற நூல்ல தைப்பேன். பிரிக்கிற வேலை இல்ல. தையல் பிரிக்கிறேன்னு பிள்ளைய இன்னொரு தடவை அழ வைக்க வேண்டாம்ல?"

"தழும்பு தெரியுமா?"

"தெரியும்" என்றார் டாக்டர், சட்டென்று. "ஒட்டுப் போட்ட இடம் கொஞ்சம் கறுப்பாவும் தெரியும். அழகுக்கு நான் வாக்குக் குடுக்க மாட்டேன். விரல் வளையாம பாத்துக்கறதுதான் என் கவலை. உங்க கவலையும் அதுவா இருக்கட்டும்."

ஆபரேஷன் அன்று வாண்டு பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு சக்கர நாற்காலியில் ராணி மாதிரி போனாள். கதவு மூடியதும் மாஸ்டர் வராந்தாவில் நடக்க ஆரம்பித்தார். உட்கார்ந்தால் வலது கால் தானாகத் தரையை அழுத்தியது. மயக்க மருந்து அதிகமாகிவிட்டால்? விரலுக்கு ரத்தம் ஓடாமல் போனால்? மனைவி ஒரு பத்திரிகையை விரித்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது தலைகீழாக இருந்தது.

மத்தியானம் டாக்டர் வெளியே வந்து நல்லபடியாக முடிந்தது என்றார். வாண்டுவின் கை முழங்கைக்கு மேலே வரை வெள்ளைக் கட்டுக்குள் இருந்தது, குத்துச்சண்டைக்காரன் உறை மாதிரி. நுனியில் இரண்டு சின்ன விரல்நுனிகள் மட்டும் எட்டிப் பார்த்தன. தனித்தனியாக. அவற்றின் நிறம் மாறுகிறதா என்று மாஸ்டர் அன்று எத்தனை முறை அழுத்திப் பார்த்தாரோ தெரியாது. "தொட்டுத் தொட்டே புண்ணாக்கிடாதீங்க" என்று சிஸ்டர் விரட்டினாள்.

வீட்டுக்கு அனுப்பும்போது அந்த சிஸ்டர் இரண்டே விஷயங்களைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். கட்டு நனையக் கூடாது. இரண்டு வாரம் கழித்து ஆஸ்பத்திரியில் பிரிக்கும்வரை யாரும் தொடக் கூடாது.

மாஸ்டர் லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தார். மனைவி வேலைக்குப் போனாள். முதல் வாரம் அவர் பிள்ளையைவிட்டு இம்மியும் நகரவில்லை. பிளாஸ்டிக் பையைக் கட்டித்தான் குளிப்பாட்டினார். அப்புறம் ஒரு நாள் காலையில், மறுநாள் லைசென்ஸ் டெஸ்டுக்குப் போகவேண்டிய ஒரு ஆள் போனில் அழாத குறையாகப் புலம்பினான். ரிவர்ஸ் எடுக்கும்போது எந்தப் பக்கம் பார்ப்பது என்று மறந்துபோய்விட்டதாம். மாஸ்டர் பால்கனியில் நின்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். திரும்பி வந்து பார்த்தால், குளியலறையில் வாண்டு வாளிக்கு முன்னால் உட்கார்ந்து பொம்மைக்குத் தலை குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு கையாலும்.

கைக் கட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"அப்பா, பொம்மைக்கு ஷாம்பு கண்ணுல போகல" என்றாள் பெருமையாக.

அவர் அவளைத் தூக்கி வெளியே உட்காரவைத்தார். முதலில் துண்டால் ஒற்றினார். அப்புறம் மனைவியின் ஹேர் டிரையரைத் தேடி எடுத்தார். வெளித்துணி காய்ந்தது. காய்ந்துவிட்டது, உள்ளே போயிருக்காது, மனைவியிடம் சொல்ல வேண்டாம், மத்தியானத்துக்குள் சரியாகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே ஊதினார். கட்டை விரலால் அழுத்திப் பார்த்தபோது உள்ளே பஞ்சு சதக்கென்றது. குனிந்து முகர்ந்தார். லேசாக ஒரு வாடை. ரத்த வாடையா, ஷாம்பு வாடையா, சீழா? அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஹேர் டிரையரை அப்படியே தரையில் போட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

வழியில் மனைவிக்குச் சொன்னார். "எப்போ நனைஞ்சது?" என்று கேட்டாள்.

"கொஞ்ச நேரம் முன்னாடி."

"எவ்வளவு கொஞ்சம்?"

"டிரையர் வச்சுப் பாத்தேன்" என்றார்.

அவள் போனை வைத்துவிட்டாள்.

டாக்டர் ஆபரேஷன் தியேட்டரில் இருந்தார். அதே சிஸ்டர்தான் கட்டைப் பிரித்தாள். துணி, பஞ்சு, மறுபடி துணி, கடைசியில் மஞ்சள் மருந்து தடவிய வலைத்துணி. வாண்டு ஒரு பொம்மை வாத்தை அமுக்கிக்கொண்டிருந்தாள். மாஸ்டர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பார்க்காமலும் இருக்க முடியவில்லை. திரும்பினார். இரண்டு விரல்களுக்கு நடுவே, ஒட்டுப் போட்ட தோல் கன்றிப்போய், மோதிர விரலின் அடியில் கரிக்கட்டை மாதிரி கறுப்பாக இருந்தது.

"செத்துப்போச்சு" என்றார். "சிஸ்டர், விரல் செத்துப்போச்சு."

"சார், உட்காருங்க."

"கறுப்பா இருக்கு!"

"சார், நீங்க கீழ விழுந்தா உங்களத் தூக்க இங்க ஆள் இல்ல. உட்காருங்க."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு சரிந்து உட்கார்ந்தார். வாண்டு அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அதுவரை சிரித்துக்கொண்டிருந்தவள், தன் கையைப் பார்த்துவிட்டு வீறிட்டு அழ ஆரம்பித்தாள்.

டாக்டர் முகமூடியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டபடி வந்தார். ஈரத் துணியால் மெதுவாக ஒற்ற, கறுப்பில் பெரும்பகுதி பொருக்காக உரிந்து வந்தது. அடியில் இளஞ்சிவப்பு. "விரலுக்கு ஒண்ணும் இல்ல. புதுத் தோல் மேல்பக்கம் இப்படித்தான் கறுத்து உரியும்" என்றார். மாஸ்டர் மூச்சு விடுவதற்குள், "ஆனா இந்த அடிப்பக்கம், இவ நகம் அளவு, இது பிடிக்கல" என்றார்.

"நனைஞ்சதாலயா?"

"இருக்கலாம். நனையாட்டியும் சில சமயம் பிடிக்காது. எனக்குத் தெரியாது சார். தெரியாததைத் தெரியும்னு சொல்ல மாட்டேன்."

"இப்போ என்ன செய்யறது?"

"மறுபடி ஒட்டுப் போட வேண்டாம். சின்ன இடம், தானா மூடிக்கும். ஆனா அந்த இடத்துத் தழும்பு கொஞ்சம் தடிப்பா வரும். இழுக்குதான்னு பாத்துட்டே இருக்கணும்."

பாத்துட்டே இருக்கணும். அந்தச் சொல்லைத்தான் மாஸ்டர் வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

புண் ஆறியது. நூல் தானாக உதிர்ந்தது. தினமும் எண்ணெய் தொட்டுத் தழும்பை அமுக்கித் தேய்த்தார்கள், அதன்மேல் சிலிக்கோன் பட்டையை ஒட்டினார்கள், தூங்கும்போது விரல் நிமிர்ந்திருக்க ஒரு பிளாஸ்டிக் அட்டையைக் கட்டினார்கள். தழும்பு முதலில் செக்கச்செவேலென்று தடித்தது, பிறகு மெல்ல மெல்ல வெளுத்தது. ஒட்டுப் போட்ட தோல் மட்டும் தேநீர்க் கறை மாதிரி தனியாகத் தெரிந்தது. வாண்டு வலது கையில் பென்சில் பிடிக்கக் கற்றுக்கொண்டாள்.

ஆனால் மாஸ்டருக்கு நிம்மதி இல்லை. தினமும் காலையில் பிள்ளையை மேஜைமுன் உட்காரவைத்து, உள்ளங்கையைக் கவிழ்த்துப் பரப்பச் சொல்வார். மோதிர விரலுக்கு அடியில் ஒரு காகிதத் துண்டைச் செருகிப் பார்ப்பார். போகவில்லை என்றால் விரல் நேராக இருக்கிறது. அன்றைக்கு ஒரு வாய் சாப்பாடு இறங்கும். சில நாள் போவது போலவும் இருக்கும், போகாதது போலவும் இருக்கும். அந்த நாட்களில் காரில் மாணவர்கள் சரியாக ஓட்டினாலும் திட்டு வாங்கினார்கள்.

வாண்டு சீக்கிரமே இதைப் புரிந்துகொண்டாள். ஒருநாள் வேண்டுமென்றே விரலைத் தூக்கினாள். காகிதம் அந்தப் பக்கமே போய்விட்டது. அப்பாவின் முகம் வெளிறுவதைப் பார்த்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். மனைவி சமையலறையிலிருந்து வந்து அந்தக் காகிதத்தைப் பிடுங்கிக் கசக்கினாள்.

"இனிமே இது வேண்டாம். புள்ளையப் புள்ளையா விடுங்க."

"உனக்குப் பயமே இல்லையா?"

"இருக்கு. அதுக்காக அவ கைல ஏத்தணுமா?"

அவர் காகிதத்தை விட்டார். ஆனால் வாண்டு சாப்பிடும்போது, செருப்பு மாட்டும்போது, ஊஞ்சல் ஆடும்போது ஓரக்கண்ணால் பார்ப்பதை விடவில்லை.

முதல் வகுப்பில் பள்ளிக்கூட போட்டோ வந்தது. பிள்ளைகள் மூன்று வரிசையாக நின்றிருந்தார்கள். எல்லாப் பிள்ளைகளும் கையைத் தொங்கவிட்டிருக்க, வாண்டு மட்டும் வலது கையைப் பாவாடைப் பைக்குள் விட்டிருந்தாள். தோளை லேசாகச் சாய்த்து, உதட்டை இறுக்கி. மாஸ்டர் அதைப் பார்த்தார். இந்தத் தோள் எங்கேயோ பார்த்த தோள் என்று தோன்றியது. பிறகு புரிந்தது.

"யாராவது கேலி பண்ணாங்களாடா?" என்று கேட்டார்.

"இல்லப்பா."

"பின்ன ஏன் கைய உள்ள வச்சே?"

"நீ வைப்பல்ல?" என்றாள் வாண்டு. "தழும்புக் கைய உள்ளதான வைக்கணும்?"

அவர் பால்கனிக்குப் போய் நின்றார். கை தன்னாலே பையைத் தேடியது. எடுத்தார். மறுபடி போனது. மறுபடி எடுத்தார்.

அந்த வருஷம் வழக்கமான பரிசோதனைக்குப் போனபோது டாக்டர் வாண்டுவின் விரலை நிமிர்த்திப் பார்த்துவிட்டு, இன்னொரு முறை நிமிர்த்திப் பார்த்தார். மாஸ்டர் இத்தனை நாள் பயந்த விஷயம் கடைசியில் நடந்தே விட்டது. அடிப்பக்கத்துத் தடித்த தழும்பு லேசாக இழுக்க ஆரம்பித்திருந்தது. "பயப்படற அளவுக்கு இல்ல. இப்பவே பாத்தது நல்லது. தழும்பைக் குறுக்க வெட்டி, தோலை இடம் மாத்தித் தைச்சா இழுப்பு விட்டுடும். சின்ன வேலை. லீவுல செஞ்சுக்கலாம்."

நாலு வயது வாண்டு ராணி மாதிரி போனவள். ஆறு வயது வாண்டுவுக்கு எல்லாம் தெரியும். மேஜைக்கு அடியில் புகுந்துகொண்டாள். "மாட்டேன்! கறுப்பாயிடும்! அப்பா கீழ விழுவாரு!"

அன்றைக்குக் கட்டுப் பிரிக்கும் அறையில் அவள் பயந்தது கையைப் பார்த்து அல்ல, அப்பாவின் முகத்தைப் பார்த்துத்தான் என்பது மாஸ்டருக்கு அப்போதுதான் உறைத்தது. டாக்டரும் மனைவியும் குனிந்து கெஞ்சிக்கொண்டிருந்தார்கள்.

"டாக்டர்" என்றார் அவர். தன் இடது கையை மேஜைமேல் வைத்தார், யாரும் கேட்காமலே. "இதை இப்போ சரி பண்ண முடியுமா?"

டாக்டர் விரலை மெல்ல நிமிர்த்திப் பார்த்தார். "முழுசா நிமிராது. மூட்டு இறுகிப்போச்சு. பாதி நிமிரும். புதுத் தழும்பும் வரும்."

"பாதி போதும். முதல்ல எனக்குச் செய்யுங்க. இவ பாக்கட்டும்."

மனைவி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். இந்த ஆளா என்பதுபோல.

அவருக்குப் பயம் போய்விடவில்லை. ஆபரேஷனுக்கு முந்தின நாள் சாப்பாடு இறங்கவில்லை. கையை மட்டும் மரத்துப்போகச் செய்தார்கள். திரைக்கு அந்தப் பக்கம் கத்தரிக்கோல் சத்தம் கேட்டது, தோலை யாரோ இழுப்பது வலியில்லாமல் தெரிந்தது. "சார், கால ஏன் இப்படி அழுத்தறீங்க? கட்டில் நகருது" என்றார் டாக்டர். பெரியவர் என்பதால் அவருக்கு நீல நைலான் நூலில் தையல் போட்டார்கள், பிறகு பிரிக்க வேண்டிய தையல்.

தையல் பிரிக்கிற அன்று வாண்டுவை அழைத்துக்கொண்டு போனார். பழைய சிஸ்டர் ஒவ்வொரு முடிச்சாகப் பிடித்து வெட்டி உருவினாள். மாஸ்டர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு பல்லைக் கடித்தார்.

"அப்பா, கண்ணைத் திற. வலிக்குதா?"

"கொஞ்சம்."

"எறும்பு கடிச்ச மாதிரியா?"

"பெரிய எறும்பு."

வாண்டு கிட்டே வந்து மூக்கு உரசும் அளவுக்குக் குனிந்து பார்த்தாள். உருவிய நூல்களைத் தட்டில் வரிசையாக அடுக்கினாள். ஒரு இடத்தில் பொருக்கு கறுப்பாக இருந்தது. அவள் அதைச் சுட்டிக்காட்டி அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். "அது சும்மா பொருக்குடா. உரிஞ்சிடும்" என்றார், முகத்தை மாற்றாமல்.

"எனக்கும் இந்த நீல நூல் போடுவாங்களா?" என்று சிஸ்டரைக் கேட்டாள்.

"உனக்குக் கரையற நூல். உங்கப்பாவுக்கு இருக்கற அதிர்ஷ்டம் உனக்கு இல்ல."

லீவில் வாண்டுவுக்கும் நடந்தது. போகும்போது அழுதாள், ஆனால் போனாள். கட்டோடு இருந்த நாட்களில் மாஸ்டர் வீட்டு வாளிகளையெல்லாம் பரண்மேல் ஏற்றிவிட்டார், மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். கட்டைப் பிரித்தபோது கறுப்பு எதுவும் இல்லை.

சில மாதம் கழித்து டாக்டர் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்து, இரண்டு கைகளையும் மேஜைமேல் பரப்பச் சொன்னார். வாண்டுவின் விரல் மேஜையோடு மேஜையாக நேராகப் படுத்திருந்தது. தழும்பு மெல்லிய கோடாக மலை மலையாக ஓடியது, ஒட்டுத் தோல் மட்டும் இன்னும் நிறம் தனிதான். மாஸ்டருடைய விரல் டாக்டர் சொன்னதுபோலப் பாதிதான் நிமிர்ந்திருந்தது. அதன் கோட்டுக்கு இரு பக்கமும் நைலான் நூல் போன இடங்கள் புள்ளி புள்ளியாக, ஏணிப்படி மாதிரி தெரிந்தன.

"சொல்லு, யாரோட தையல் நல்லா இருக்கு?" என்றார் டாக்டர்.

வாண்டு இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். நியாயமாகத் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்று நினைத்தவள்போல அப்பாவின் விரலைத் தூக்கித் திருப்பியும் பார்த்தாள்.

"அப்பாவோடது அசிங்கமா இருக்கு" என்றாள்.

மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். மாஸ்டருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. கை மேஜைமேலேயே கிடக்க, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

"நிறம் அடங்க இன்னும் ஒரு வருஷம் ஆகும்" என்றார் டாக்டர், பேனாவை எடுத்துக்கொண்டே. "ரெண்டு பேரும் எண்ணெய் தேய்க்கறத விடாதீங்க."